பழைய வீட்டை வாங்கித் திருத்தி விற்றேன்: கையில் மிஞ்சியது என்ன?

"நானா, கையில இருக்கிற காசுக்கு ஒரு பழைய வீட்ட வாங்கி, டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடிச்சி வித்தா ஆறு மாசத்துல நல்ல லாபமாமே?"

அக்குறணையில் உள்ள எனது புடவைக் கடைக்கு வரும் நண்பர்களில் மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. கேட்பவர்கள் எல்லோரும் என்னைப் போன்ற சிறு வியாபாரிகள். கடையில் சுழலும் பணத்தில் சிறிது மிஞ்சியிருக்கும். வங்கி வட்டியில் போட மனமிருக்காது. காணியும் வீடும் விலை இறங்காது என்ற நம்பிக்கை நமது மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நானும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன். 2021 பெப்ரவரியில் அலவத்துகொடயில் ஒரு பழைய வீட்டுக்கு முற்பணம் கொடுத்தேன். 2023 ஜூனில் அதனை விற்றேன். இடையில் 28 மாதங்கள். அந்த மாதங்களில் நான் செய்த சரிகளையும் பிழைகளையும் கணக்கோடு இங்கே தருகிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு இது ஒரு முன்னறிவிப்பாக இருக்கட்டும்.

வெயிலில் பார்த்த வீடு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டினால் அலவத்துகொட. அதற்கப்பால் பலகடுவ ஏற்றம். அக்குறணைக் கடைத்தெரு பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் வெள்ளத்தில் மூழ்குவது வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சற்று மேட்டுப் பாங்கான இடத்தில் வீடு தேடுபவர்கள் அலவத்துகொடப் பக்கம் வருவார்கள் என்பது எனது கணிப்பு. அந்தக் கணிப்பு பிழையில்லை. ஆனால் மேட்டுக்கும் ஒரு பிரச்சினை உண்டு என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிரதான வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒரு கிளை வீதியில் 12 பேர்ச் காணி. அதில் மூன்று அறைகள் கொண்ட வீடு. முன்பக்கம் கலிகட் ஓடு, பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் தகடு. பலா மரக் கதவுகள். பின்னால் மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்தி அதில் சமையலறையைக் கட்டியிருந்தார்கள். கேட்ட விலை 68 இலட்சம். பேசி முடித்தது 62 இலட்சம்.

என் கடையில் ஒரு துணிக் கட்டு வந்தால் மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைக் கசக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். 62 இலட்ச ரூபா வீட்டை நான் பார்த்தது பெப்ரவரி மாத நண்பகலில், அரை மணி நேரம் மாத்திரம். கண்டிப் பக்கத்தில் பெப்ரவரி என்பது மழை குறைந்த காலம். சுவர் காய்ந்திருந்தது. மண் காய்ந்திருந்தது. எல்லாமே அழகாகத் தெரிந்தது.

எனது முதற் பாடம் இதுதான். வாங்கப் போகும் வீட்டை வெயிலில் ஒரு முறை, மழையில் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு நல்ல மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் தரகர் சொல்லாததை எல்லாம் சுவரே சொல்லிவிடும்.

உறுதியில் ஒரு கையொப்பம் குறைந்தால்

வீட்டின் சொந்தக்காரர் மரண சாசனம் எழுதாமல் வபாத்தானவர். அவருடைய மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உரித்தாளிகள். இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமை வழிச் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. எங்களோடு விலை பேசியவர் மூத்த மகன். "தங்கச்சிமார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் குடும்பங்களில் பேசிக்கொள்ளும் முறையே அதுதான்.

ஆனால் பேச்சு வேறு, உறுதி வேறு. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்த காலம் தொட்டு இந்நாட்டில் காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதி ஒப்பமிட்ட உறுதியால்தான். ஒரு பங்காளி ஒப்பமிடாவிட்டால் அவருடைய பங்கு அவரிடமே நிற்கும். நாளை அவர் நீதிமன்றம் போனால் நீங்கள் டைல்ஸ் போட்ட வீட்டுக்குப் பங்கு வழக்குப் பேச வேண்டிவரும்.

எங்கள் நொத்தாரிசு பிடிவாதமாக நின்றார். கண்டி காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடினார். வெளிநாட்டிலிருந்த ஒரு மகளிடமிருந்து அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திருந்தோம். நாட்டை மூடித் திறந்துகொண்டிருந்த கொரோனா காலம் அது. நான்கு மாதங்கள் கடந்து ஜூனில்தான் உறுதி எழுதினோம். அப்போது எரிச்சலாக இருந்தது. விற்கும்போதுதான் அந்த நான்கு மாதங்களின் அருமை புரிந்தது. வாங்க வந்தவரின் சட்டத்தரணி பத்திரக் கோவையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வாங்கும்போது விலையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 62 இலட்சத்துக்கு அது 2 இலட்சத்து 47 ஆயிரம் ரூபா. நொத்தாரிசு கட்டணம், தேடுதல் செலவு, நில அளவையாளர் எல்லாம் சேர்ந்து இன்னும் 97 ஆயிரம். ஓர் ஆணி அடிக்கும் முன்னரே வீடு 65 இலட்சத்து 44 ஆயிரமாக ஆகிவிட்டது.

18 இலட்சம் 34 இலட்சமான கதை

இதில் எனது பங்காளி என் மனைவியின் தம்பி. கட்டாரில் உழைத்த பணத்தோடு வந்திருந்தார். முதலும் இலாப நட்டமும் சரிபாதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். மச்சானோடு என்ன எழுத்து என்று நினைக்காதீர்கள். பிற்பாடு நாங்கள் மனஸ்தாபமின்றிப் பேச முடிந்ததற்கு அந்தத் தாளும் ஒரு காரணம்.

திருத்த வேலைக்கு நாங்கள் போட்ட பட்டியல் இது. கூரை நாலரை இலட்சம், குளியலறையும் தண்ணீர்க் குழாயும் மூன்றரை, வயரிங் ஒன்றரை, தரைக்கு டைல்ஸ் நான்கு, சமையலறை ஒன்றரை, பெயின்ட் ஒன்றரை, கதவு யன்னல் ஒன்றரை. மொத்தம் 18 இலட்சம். காலம் ஆறு மாதம்.

நடந்தது வேறு. கூரை 8.2, குளியலறை 5.6, வயரிங் 2.4, தரை 5.3, சமையலறை 1.9, பெயின்ட் 2.2, கதவு யன்னல் 2.1. இவையே 27.7 இலட்சம். பட்டியலிலேயே இல்லாத ஒரு வேலைக்கு 6.6 இலட்சம். ஆக 34.3 இலட்சம். அந்தப் பட்டியலில் இல்லாத வேலையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கூரை ஏன் இரட்டிப்பானது? ஓட்டைக் கழற்றும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய பின் பார்த்தால் கைமரங்களில் பாதியைக் கறையான் உள்ளுக்குள் தின்றிருந்தது. வெளியே தோல் போல ஒரு படை மட்டும் மிச்சம். ஒரு திருகாணி முறுக்கியைக் குத்திப் பார்த்திருந்தால் வாங்கும் முன்னரே தெரிந்திருக்கும். உடைந்த கலிகட் ஓடுகளுக்குப் பதிலாக, இடித்த வீடுகளிலிருந்து பழைய ஓடுகளை வாங்கிப் போட்டது ஒரு சிக்கனம். பின்பக்கத்து அஸ்பெஸ்டஸ் தகடுகளை அகற்றும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவற்றை உடைத்துப் போடக் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்தானது. தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்க வேண்டும். வேலையாட்கள் அவசரப்படுவார்கள். நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நானே செய்தவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனையும் அழைத்துச் சென்று பலாக் கதவுகளின் பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் அடித்தோம். பல வருடப் பச்சை பெயின்டுக்கு அடியில் இருந்த அந்த மஞ்சள் மரத்தைப் பார்த்துத்தான் பின்னாளில் வாங்க வந்தவரின் மனைவி நின்றுவிட்டார். உட்சுவர் பெயின்ட் வேலையில் பாதியும் எங்களுடையதே.

அந்த உற்சாகத்தில் ஒரு பிழையும் செய்தேன். குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவு தடுக்கும் பூச்சை நானே பூசினேன். பூசிய மறுநாளே டைல்ஸ் பதிக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் பக்கத்து அறைச் சுவரின் அடிப்பாகம் ஈரமாகியது. புதிய டைல்ஸை உடைத்து மீண்டும் செய்ய 70 ஆயிரம் ரூபா. பூச்சுக் காய்ந்த பின் வடிகால் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் வைத்து, கசிவு இல்லை என்று உறுதிப்படுத்திய பின்னரே டைல்ஸ் பதிக்க வேண்டும். ஒரு நாள் பொறுக்காததன் விலை அது.

சுருங்கச் சொன்னால், சுரண்டுவதும் தேய்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் நாம் செய்யலாம். மின்சாரமும் தண்ணீரும் கூரையும் அறிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். கூலி கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. டைல்ஸ் பதித்தல், பூச்சு வேலை போன்று அளந்து பார்க்கக்கூடியவற்றைச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துக்குக் கொடுக்கலாம். பழையதை உடைத்துப் பார்த்துச் செய்யும் வேலைக்கு நாட்கூலிதான் நல்லது. கொந்தராத்துக்காரர் நட்டப்பட்டால் குறையை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பின்சுவரின் ஈரம்

2021 ஒக்டோபரில் ஊரடங்கு நீக்கப்பட்டு வேலை மீண்டும் தொடங்கியபோது மழையும் தொடங்கிவிட்டது. சமையலறையின் பின்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறியது. உப்புப் பூத்தாற்போல வெள்ளைப் பொடி. எங்கள் மேசன் பாஸ் அறுபது வயதைத் தாண்டிய சிங்களவர். சந்தையில் கற்ற தமிழில் நன்றாகப் பேசுவார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பின்மேட்டைப் பார்த்தார்.

"முதலாளி, ஈரம் சுவரில இருந்து வரல்ல. பின்னால மண்ணில இருந்து வருது. இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா ஒரு மழைதான்."

பின்மேடு பத்தடி உயரம் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. பழைய கருங்கல் கட்டு ஒன்று பாதி உயரத்துக்கு இருந்தது. அதில் தண்ணீர் வடியத் துளை இல்லை. நடுவில் முன்பக்கமாக ஒரு கையளவு வயிறு தள்ளி நின்றது. மேலே தோட்டத்தில் விழும் மழைநீர் முழுவதும் அந்த மண்ணுக்குள் இறங்கிச் சுவருக்குப் பின்னால் நின்றது. மண்ணின் பாரத்தைவிட அதில் ஊறிய தண்ணீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளும் என்பதை அன்றுதான் நான் அறிந்துகொண்டேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்கு அதன் சான்றிதழ் கேட்கப்படுவது பலருக்குத் தெரியும். பழைய வீடு வாங்குபவர்களில் எத்தனை பேர் அங்கே போய் அந்த இடத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள்? நானும் விசாரிக்காமல்தான் வாங்கியிருந்தேன். அதன் பின்னரே அங்கு போனேன், ஒரு பொறியியலாளரையும் அழைத்து வந்து காட்டினேன்.

அவர் சொன்னது நான்கு வேலை. மேட்டின் தலைப்பில் மழைநீரைத் திருப்பும் சீமெந்து வாய்க்கால். பழைய கட்டை அகற்றி, சாய்வோடு கூடிய புதிய கருங்கல் அணைச்சுவர். அதன் பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற பிவிசி குழாய்த் துளைகள். அடியில் இன்னொரு வாய்க்கால், கூரைப் பீலித் தண்ணீரும் அதில் சேர்ந்து வீதிக் கானுக்குப் போக வேண்டும். மதிப்பீடு 6 இலட்சத்துக்கு மேல்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. அவர் சொன்னதிலும் வியாபார நியாயம் இருந்தது. "மச்சான், வீடு பாக்க வாறவன் பின்னால போய் மண்ண பாக்க மாட்டான். முன்னுக்கு வாசலையும் பேன்ட்ரியையும்தான் பாப்பான். அந்த ஆறு இலட்சத்த அங்க போடுவோம். பின்சுவருக்கு டைல்ஸ் ஒட்டினா ஈரம் தெரியாது."

உண்மைதான். டைல்ஸ் ஒட்டினால் ஓரிரு வருடங்களுக்கு ஈரம் தெரியாது. அதற்குள் வீடு கைமாறியிருக்கும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மச்சானை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பின்னறையில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒங்கட புள்ளய இந்த அறையில படுக்க வெப்பீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "சரி, சுவரக் கட்டுங்க. ஆனா லாபம் போகுது எண்டு பிறகு எனக்குச் சொல்லக் கூடாது" என்றார். பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகுமானதல்ல என்று நாம் எல்லோரும் அறிவோம். அது நம் கையிலிருந்து ஆறு இலட்சத்தை எடுக்கும்போதுதான் அந்த அறிவின் பாரம் தெரிகிறது.

நாடு குலுங்கிய வருடம்

2021 இன் கடைசி மாதங்களில் சீமெந்துக்குத் தட்டுப்பாடு. அந்த வருட ஆரம்பத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டது. டைல்ஸ், குளியலறைப் பொருட்கள் இறக்குமதிக்கு 2020 இலிருந்தே கட்டுப்பாடு இருந்தது. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவாகியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. லொறிக்கு டீசல் இல்லை. மேசன் பாஸின் நாட்கூலி 2,800 இலிருந்து 3,800 ஆகியது. அவரைக் குறை சொல்ல முடியாது. அரிசி விலையும் அப்படித்தான் ஏறியது.

நல்லவேளையாக அணைச்சுவரை 2022 ஆரம்பத்தில், மழை குறைந்த மாதங்களில் கட்டி முடித்திருந்தோம். அதன்பின் சில மாதங்கள் வேலை முற்றாக நின்றது. வீட்டைப் பூட்டி வைத்திருந்தோம். காவலுக்கு ஆள், சோலைவரி, மின் கட்டணம், போக்குவரத்து என்று 1 இலட்சத்து 26 ஆயிரம் சத்தமில்லாமல் போனது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நாங்கள் வங்கிக் கடன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்? 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பெரிய கம்பனிகளுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனின் வட்டியே அவ்வருட இறுதியில் 25 சதவீதத்தைத் தாண்டியது. மார்க்க விடயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும், கடனில் வாங்கிய வீடு அந்த வருடமே எங்களை விழுங்கியிருக்கும்.

இது நம் நாட்டு விதி மட்டுமல்ல. அமெரிக்காவில் சில்லோ என்ற பெரிய நிறுவனம், வீடுகளின் விலையைக் கணினியால் கணித்து, வாங்கித் திருத்தி விற்கும் பகுதி ஒன்றை நடத்தியது. சரியாக விலை கணிக்க முடியாமல் 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. 30 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை நட்டமாக எழுதியது. அவ்வளவு கணினிகள் வைத்திருந்தவர்களே ஆறு மாதத்துக்குப் பிந்திய விலையை அறியவில்லை. நாங்கள் எம்மாத்திரம்?

சொல்லி விற்றது

2023 ஆரம்பத்தில் வேலை முடிந்தது. கேட்ட விலை ஒரு கோடி 20 இலட்சம். முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. வாசலைப் பார்த்தார், பேன்ட்ரியைப் பார்த்தார், ஒரு கோடி 18 இலட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். நான் அவரைப் பின்னால் அழைத்துச் சென்று மேட்டைக் காட்டினேன். முன்பு எப்படி இருந்தது, என்ன செய்தோம், வாய்க்காலை மாதம் ஒருமுறை துப்புரவாக்க வேண்டும், பெருமழையில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். "யோசிச்சு சொல்றேன்" என்று போனவர் வரவேயில்லை.

மச்சான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஓர் அரச ஊழியர் வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து வந்து பார்த்தார். சுவர் கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த புகைப்படங்கள், பொறியியலாளரின் வரைபடம், வயரிங் சோதனை அறிக்கை, பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் வைத்திருந்தேன். மண்ணுக்குள் புதைந்ததைக் காட்டப் புகைப்படத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒரு கோடி 15 இலட்சத்துக்கு முடிந்தது.

இப்போது கணக்கு. வாங்கிய செலவு 65.44 இலட்சம், திருத்தம் 34.3, பராமரிப்பு 1.26. மொத்தம் 101 இலட்சம். விற்றது 115. தரகு 2 சதவீதம் 2.3 இலட்சம். மிச்சம் 11.7. நாங்கள் விற்ற வேளையில் தனிநபருக்கு மூலதன ஆதாய வரி 10 சதவீதம். அதன் பின்னர் சட்டத்தில் மாற்றம் வந்திருக்கிறது, தொடர்ந்து வாங்கி விற்பவருக்கு அது வியாபார வருமானமாகவே கணிக்கப்படலாம், ஆகவே கணக்காளரைக் கேளுங்கள். வரியும் போக பத்தரை இலட்சம். ஆளுக்கு ஐந்தே கால் இலட்சம்.

28 மாதங்களுக்குப் பிரித்தால் ஒருவருக்கு மாதம் 18,750 ரூபா. என் கடையில் துணி மடிக்கும் தம்பிக்கு நான் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன்.

அதுவும் எண்ணிக்கையில்தான் இலாபம். வாங்கும்போது டொலர் சுமார் 200, விற்கும்போது சுமார் 300. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2021 இல் அந்தப் பணத்துக்குத் துணி வாங்கி அடுக்கியிருந்தால், 2023 இல் கையிலிருந்த பணத்துக்கு அதே அளவு துணி வாங்க முடியாது. பெறுமதியில் நாங்கள் பின்னுக்குத்தான் போனோம். பணத்தை வெறுமனே பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

இறங்க நினைப்பவர்களுக்கு

இவ்வளவுக்குப் பிறகும் இந்தத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அறிந்து இறங்குங்கள் என்றே சொல்கிறேன்.

முதலாவது, இலாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போது வருகிறது. பின்மேட்டை முன்னரே பார்த்திருந்தால் 62 இலட்சத்துக்கு நான் வாங்கியிருக்கமாட்டேன். ஐந்து இலட்சமாவது குறைத்துக் கேட்டிருப்பேன்.

இரண்டாவது, நிலம், தண்ணீர், கூரை, மின்சாரம், உறுதி ஆகிய ஐந்தையும் வாங்குமுன் அறிந்தவரைக் கொண்டு பாருங்கள். அதற்குக் கொடுக்கும் சில ஆயிரங்கள் சில இலட்சங்களை மிச்சப்படுத்தும். மேட்டில் நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென ஊறும் கலங்கிய தண்ணீர் கண்டால் அந்தக் காணியை விட்டு விலகுங்கள். அதைத் திருத்துவது நம்மால் ஆகாது.

மூன்றாவது, பழைய வீட்டுக்குப் போடும் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கு வையுங்கள். காலத்தை இரட்டிப்பாக்கிக் கணக்கிடுங்கள்.

நான்காவது, கடைச் சுழற்சிப் பணத்தை இதில் முடக்காதீர்கள். ஒரு பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கெடுக்கக் காசில்லாமல் நான் பட்ட பாடு இந்தக் கணக்கில் எழுதப்படவில்லை.

ஐந்தாவது, மூடப்போகும் ஒவ்வொரு வேலையையும் மூடுமுன் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு தொலைபேசி அழைப்பு

2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரியது. அலவத்துகொடப் பகுதி மலைகளும் சரிந்தன. அக்குறணையில் நாங்கள் வெள்ளத்தோடும், வேலை செய்யாத தொலைபேசியோடும் இருந்தோம். அந்த இரவுகளில் நான் கடையைப் பற்றி நினைத்ததைவிட அந்தப் பின்மேட்டைப் பற்றி நினைத்ததே அதிகம்.

சில நாட்களுக்குப் பின் தொலைபேசி உயிர்பெற்றபோது வீட்டை வாங்கியவரின் பெயர் திரையில் தெரிந்தது. கை நடுங்கினாலும் உடனே எடுத்தேன்.

"நாங்க நல்லா இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாய்க்கால் நிரம்பி ஓடியதாம். சுவர் நின்றதாம். ஆனால் மேலே அடுத்த தோட்டத்தில் ஒரு வெடிப்புக் கண்டதும் பிள்ளைகளோடு இரவே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "நீங்க அண்டைக்குக் காட்டித் தந்ததாலதான் நான் மேல போய்ப் பாத்தேன்" என்றார்.

எனது சுவர்தான் அவர்களைக் காத்தது என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. பெரிய மலை இறங்கினால் அந்த 6.6 இலட்ச ரூபாச் சுவர் ஒன்றுமேயில்லை. பக்கத்து ஊர்களில் இதைவிட நல்ல சுவர்களும் போயின. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

அன்று மாலை மச்சானிடம் விடயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த முதல் ஆளுக்கே வித்திருந்தா மூணு இலட்சம் கூட வந்திருக்கும்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வீடு பார்க்கப் போவதென்றால் மழை நாளில் போவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.